தாழி தேடிய துரை

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பாட்டிமார்கள் சொல்லி வந்த கதை ஒன்று உண்டு.

முன்னொரு காலத்தில் மனிதர்களுக்குச் சாவே கிடையாதாம். வயது ஏற ஏற உடம்பு சிறுத்துக்கொண்டே போகுமாம். கடைசியில் கைக்குழந்தை அளவுக்குச் சுருங்கி விடுவார்களாம். பேச்சு இராது, நடை இராது. உயிர் மட்டும் போகாது. வீட்டில் உள்ளவர்கள் அவர்களைத் தூக்கி விளக்கு மாடத்தில் உட்கார வைப்பார்களாம். காப்பாற்ற முடியாத காலம் வந்ததும், குயவரிடம் சொல்லிப் பெரிய பானை ஒன்று செய்வார்களாம். கிழவரை அதற்குள் இருத்தி, பக்கத்தில் சோறும் தண்ணீரும் வைத்து, வாயை மூடி, ஊருக்கு வெளியே புதைத்து விடுவார்களாம்.

அந்தப் பானைக்குப் பெயர்தான் முதுமக்கள் தாழி.

கதை கட்டுக்கதை. ஆனால் பானை உண்மை. கிணறு வெட்டினாலும், அஸ்திவாரம் தோண்டினாலும், மழை பெய்து மண் கரைந்தாலும் அந்தப் பானை தலை காட்டும். திறந்து பார்த்தால் உள்ளே எலும்பு இருக்கும். சின்னச் சின்னக் கலயங்கள் இருக்கும். ஜனங்கள் பயந்து மூடி விடுவார்கள். சிலர் புதையல் இருக்குமோ என்று ஆசைப்பட்டு உடைத்துப் போடுவார்கள்.

மூடாமலும் உடைக்காமலும், அதற்குள் என்ன இருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்துக் கணக்கு எழுதிய ஒருவர் வந்தார். அவர் பெயர் அலெக்ஸாண்டர் ரீ.

கல்லை அளந்த மனிதர்

ரீ பிரிட்டனைச் சேர்ந்தவர். 1858-ல் பிறந்தார். பிழைப்புக்காக இந்தியாவுக்கு வந்த எத்தனையோ வெள்ளைக்காரர்களில் அவரும் ஒருவர். பலர் கலெக்டர் ஆனார்கள். பலர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். பலர் வியாபாரம் செய்தார்கள். ரீக்குக் கிடைத்தது தொல்பொருள் இலாகாவில் வேலை.

அப்போது அந்த இலாகாவில் ஜேம்ஸ் பர்ஜெஸ் என்ற பெரிய ஆராய்ச்சியாளர் இருந்தார். தென்னிந்தியாவின் பழங்கோயில்களையும் கல்வெட்டுகளையும் பதிவு செய்யும் பொறுப்பு அவருடையது. அவருக்கு உதவியாளராக ரீ வேலை பார்த்தார். கோயில் கோயிலாகப் போவது, சுவரை அளப்பது, தூணை வரைவது, படம் எடுப்பது என்பதே அன்றாட வேலை. வெயில், மழை, மாட்டு வண்டி, டேரா வாசம் என்று வருஷங்கள் ஓடின.

காஞ்சிபுரம், மாமல்லபுரம் முதலிய ஊர்களில் உள்ள பல்லவர் கோயில்களை அவர் நுணுக்கமாக ஆராய்ந்தார். சாளுக்கியர் கட்டடக் கலையைப் பற்றி 1896-ல் ஒரு நூல் வெளியிட்டார். பல்லவர் கட்டடக் கலையைப் பற்றிய நூல் 1909-ல் வெளிவந்தது. நம் கடற்கரை ஊர்களில் டச்சுக்காரர்கள் விட்டுச் சென்ற கோட்டைகளையும் கல்லறைகளையும்கூட அவர் விட்டு வைக்கவில்லை. அதைப் பற்றி 1897-ல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார்.

கோயிலும் கோட்டையும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அவற்றைக் கட்டியவர் அரசர். பெயர் கல்லில் இருக்கும். பெயர் இல்லாத மனிதர்களை எங்கே தேடுவது? அதற்கு மண்ணுக்குள் போக வேண்டும். ரீயை மண்ணுக்குள் இறக்கியது மதுரைச் சீமை.

அனுப்பானடியும் பரவையும்

இன்று அனுப்பானடி மதுரை நகரத்தின் ஒரு பகுதி. வீடுகளும் கடைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. 1880-களில் அது நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு கிராமம். பரவை, மதுரைக்கு வடமேற்கே வைகைக் கரையை ஒட்டிய ஊர். இன்று காய்கறிச் சந்தையால் பெயர் பெற்றது.

இந்த இரண்டு ஊர்களிலும் பழைய புதைகுழிகள் இருந்தன. ரீ அங்கே போனார். தோண்டிப் பார்த்தார்.

மண்ணுக்குள் தாழிகள் இருந்தன. மேலே வாய் அகன்று, கீழே குவிந்த பெரிய பானைகள். தாழிக்குள் எலும்புத் துண்டுகளும் சிறு கலயங்களும் கிடந்தன. சில கலயங்கள் கறுப்பும் சிவப்புமாக, கைபட்டால் வழுக்கும் பளபளப்போடு இருந்தன.

இப்படிப்பட்ட தாழியைத் திறப்பது எளிய வேலை அல்ல. பல நூற்றாண்டுகளாக மேல் மண்ணின் பாரம் அழுத்தி, பானை முழுக்க வெடித்திருக்கும். உள்ளே மண் இறங்கி இறுகிப் போயிருக்கும். மண்வெட்டியை ஓங்கினால் எல்லாம் தூள். சிறு கத்தியாலும் கையாலும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும்.

அங்கே கண்டதை ரீ ஒரு கட்டுரையாக எழுதினார். வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் 1888-ல் அது வெளிவந்தது. மதுரை என்றால் மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மகால் என்றுதான் மேனாட்டார் அறிந்திருந்தார்கள். அந்தக் கோயில் எழுவதற்கும் வெகு காலத்துக்கு முன்னே வைகைக் கரையில் மனிதர் வாழ்ந்தார்கள், இறந்தவர்களை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள் என்பதைப் படித்தவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்துக் குன்றுகளிலும் ரீ ஒரு புதுமையைக் கண்டார். அது சுட்ட மண்ணால் செய்த தொட்டி போன்ற பெட்டி. அதற்குக் கால்கள்கூட இருந்தன. இறந்தவர் எலும்பை வைக்கும் ஈமப்பெட்டி அது.

பொற்பூக்கள் இருந்த பெட்டி

1892-ல் ரீ ஆந்திர நாட்டில், கிருஷ்ணா நதிப் பக்கத்தில் உள்ள பட்டிப்புரோலு என்ற ஊருக்குப் போனார். அங்கே ஒரு பௌத்த ஸ்தூபம் இருந்தது. இருந்தது என்பதைவிட, இருந்து அழிந்தது என்பதே சரி. சாலை போடவும் கால்வாய் வேலைக்கும் அதன் கற்களைப் பெயர்த்து எடுத்து விட்டார்கள். மிஞ்சியது ஒரு மண்மேடு.

ரீ மனம் தளரவில்லை. மேட்டின் நடுவே தோண்டினார். அடியில் கல்லால் ஆன பேழைகள் மூன்று கிடைத்தன. அவற்றுக்குள் பளிங்குச் சிமிழ், எலும்புத் துணுக்கு, மணிகள், சின்னஞ்சிறு பொற்பூக்கள். பேழைகளின் மேல் எழுத்துகள் வெட்டியிருந்தார்கள். புத்தர் பெருமானின் திருமேனி எச்சத்துக்காகச் செய்த பேழை என்று அந்த எழுத்து சொல்லியது. தென்னாட்டின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்றாக அறிஞர்கள் அதைப் போற்றுகிறார்கள்.

இந்த அனுபவம் ரீக்கு ஒரு பாடத்தைத் தந்திருக்க வேண்டும். சாலைக்குக் கல் வேண்டும் என்ற ஒரு காரணம் போதும்; இரண்டாயிரம் வருஷத்துச் சரித்திரம் ஒரு மாதத்தில் காணாமல் போய்விடும். இதே ஆபத்து அவருக்கு வேறோர் இடத்தில் காத்திருந்தது.

பெர்லினுக்குப் போன பானைகள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். ஊருக்குப் பக்கத்தில் சரளைக்கல் நிறைந்த ஒரு மேட்டு நிலம். உழவுக்கு உதவாத நிலம். பரப்பு 114 ஏக்கர்.

1876-ல் பெர்லின் நகரத்திலிருந்து பெடோர் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே வந்தார். உலகம் சுற்றிப் பொருள் சேர்ப்பவர் அவர். மேட்டைத் தோண்டினார். பானைகளும் இரும்புக் கருவிகளும் எலும்புகளும் ஏராளமாக வந்தன. அவற்றை மூட்டை கட்டி ஜெர்மனிக்குக் கொண்டு போனார். பெர்லின் அருங்காட்சியகத்தில் அவை இடம் பெற்றன.

அந்தக் காலத்தில் நெல்லைச் சீமையில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல்லும் தாழிகளைப் பற்றி அக்கறை கொண்டவர். 1881-ல் வெளிவந்த தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில், ஜனங்கள் சொல்லும் கிழவர் கதையையும் அவர் பதிவு செய்தார்.

ஜாகோர் போன பிறகு மேடு அனாதையாகக் கிடந்தது. சாலைக்குச் சரளை வேண்டியவர்கள் அங்கே வந்து வெட்டினார்கள். சரளையோடு தாழிகளும் நொறுங்கின.

அந்த நிலைமையில்தான் ரீ அங்கே வந்து சேர்ந்தார். 1899-ல் வேலை தொடங்கியது. இடையிடையே நிறுத்தியும் தொடர்ந்தும் 1905 வரை நடந்தது. தென்னிந்தியாவில் இத்தனை பெரிய புதைகாடு வேறு இல்லை என்று அவர் சர்க்காருக்கு எழுதினார். அந்த இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் அவரால் உண்டாயிற்று.

பாறையைக் குடைந்து வைத்த பானை

ரீ அங்கே என்ன கண்டார்?

மேலே பல அடி ஆழத்துக்குச் சரளை மண். அதன் கீழே கெட்டியான வெள்ளைப் பாறை. அந்தப் பாறையைக் குடைந்து குழி செய்திருந்தார்கள். ஒரு குழிக்கு ஒரு தாழி. பக்கத்துப் பக்கத்துக் குழிகளுக்கு நடுவே பாறைச் சுவர். மூன்று அடி உயரமும் அதற்கு மேலும் உள்ள தாழிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

சில தாழிகளில் முழு எலும்புக்கூடு, குந்தி உட்கார்ந்த நிலையில் இருந்தது. பல தாழிகளில் சில எலும்புகள் மட்டும் இருந்தன. உடலை வேறிடத்தில் வைத்து, பிறகு எலும்புகளைப் பொறுக்கி வந்து தாழியில் இட்டிருக்கிறார்கள்.

தாழிகளின் உள்ளும் புறமும் பொருள்கள் இருந்தன. கலயங்களுக்குள் நெல் உமியும் தினை வகைத் தானியங்களின் உமியும் ஒட்டியிருந்தன. இறந்தவருக்கு வைத்த உணவு அது. தானியம் அழிந்து விட்டது. உமி மட்டும் மிஞ்சியது.

இரும்புக் கருவிகள் குவியலாக இருந்தன. வாள், ஈட்டி, அம்பு, கத்தி, சூலம், மண்வெட்டி என்று பல வகை. அவற்றில் ஒரு விசேஷத்தை ரீ கவனித்தார். ஆயுதங்களின் கூர் எப்போதும் கீழ்நோக்கியே இருந்தது. அடக்கம் செய்ய வந்தவர்கள் துக்கத்தோடு தங்கள் கையால் மண்ணில் குத்தி நிறுத்தியது போல் அது தெரிந்தது. இருப்பதை எடுத்துப் பெட்டியில் போடுகிறவருக்கு இந்த விவரம் தெரியாது. இருந்தபடியே பார்த்தவருக்குத்தான் தெரியும். துரு பிடித்த இரும்பில் துணியின் சுவடுகூட ஒட்டியிருந்தது.

வெண்கலப் பொருள்கள் இன்னும் அழகு. கிண்ணங்கள், சல்லடைகள், வளையல்கள், மூடிகள். மூடிகளின் மேல் சின்னஞ்சிறு மிருகங்களும் பறவைகளும் நின்றன. எருமை, ஆடு, மான், புலி, யானை, சேவல். ஒரு பெண்ணின் வடிவம் கொண்ட சிறு பாவையும் கிடைத்தது. தாய்த் தெய்வம் என்று அதைச் சொல்வார்கள்.

தங்கமும் கிடைத்தது. மெல்லிய தகட்டை நீள் வட்டமாக வெட்டி, இரண்டு முனையிலும் கட்டுவதற்கு நீட்டம் விட்டிருந்தார்கள். இறந்தவர் நெற்றியில் கட்டும் பட்டம் அது என்று ரீ கருதினார். நம் வீடுகளில் இன்றும் ஈமச் சடங்கின்போது இறந்தவர் நெற்றியில் காசு ஒட்டுகிற வழக்கம் இருக்கிறது. அதை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

தங்கத்தைக் கண்டதும் மற்றதை மறந்து விடுகிறவராக ரீ இல்லை. உமியையும் எழுதினார், ஓட்டையும் எழுதினார்.

எகிப்து நாட்டு மண் வேலைக்காரர்கள்

ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டத் தொடங்கிய அதே 1899-ல், எகிப்து நாட்டில் இன்னோர் ஆங்கிலேயர் கல்லறைகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். அவர் பிளிண்டர்ஸ் பெட்ரி. பானை ஓட்டையும் பொன்னைப் போல் மதித்தவர்.

அபிதோஸ் என்ற இடத்தில், எகிப்தின் முதல் வம்சத்து அரசர்களின் கல்லறைகளை அவர் ஆராய்ந்தார். அரசர் கல்லறையைச் சுற்றி வரிசை வரிசையாகச் சிறு குழிகள் இருந்தன. அரசருடைய வேலைக்காரர்களும் பரிவாரத்தாரும் அவற்றில் கிடந்தார்கள். அரசர் இறந்தபோது அவர்களும் உயிர் விட நேர்ந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மறு உலகத்திலும் ராஜாவுக்கு ஆள் வேண்டுமே!

அந்தக் கொடுமை நெடுநாள் நிற்கவில்லை. காலப்போக்கில் ஆளுக்குப் பதில் பொம்மை வந்தது.

எகிப்தியர் நம்பிக்கை இது: இறந்தவர் போகும் உலகத்திலும் வயல் உண்டு. உழ வேண்டும்; நீர் பாய்ச்ச வேண்டும்; மணல் சுமக்க வேண்டும். கூப்பிட்டால் அரசனும் போய் வேலை செய்துதான் ஆக வேண்டும். அதிலிருந்து தப்பப் பணக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். மரத்தாலும் கல்லாலும் பளபளக்கும் நீலப் பீங்கானாலும் சாண் அளவுப் பொம்மைகளைச் செய்தார்கள். கையில் மண்வெட்டி, முதுகில் விதைப் பை. உடம்பின் மேல் ஒரு மந்திரத்தை எழுதினார்கள். எஜமானை வேலைக்குக் கூப்பிட்டால், அவருக்குப் பதிலாக நான் வந்தேன் என்று பொம்மை குரல் கொடுக்க வேண்டும் என்பதே அந்த மந்திரத்தின் பொருள். இந்தப் பொம்மைகளுக்கு உஷப்தி என்று பெயர்.

முதலில் ஒருவருக்கு ஒரு பொம்மை இருந்தது. பிறகு ஆசை வளர்ந்தது. வருஷத்துக்கு 365 நாள். நாளுக்கு ஒரு வேலைக்காரன். பத்துப் பேருக்கு ஒரு மேஸ்திரி வேண்டாமா? அதற்கு 36 பொம்மைகள், கையில் சாட்டையுடன். ஆகக் கூடி 401. 1922-ல் இளம் அரசன் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தபோது, அங்கே 413 பொம்மைகள் காத்திருந்தன. பதினெட்டு, பத்தொன்பது வயதில் இறந்த பையன் அவன். அவனுக்காக மூவாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு மேல் கைகட்டி நின்ற வேலைக்காரர்கள் அவர்கள்.

எகிப்துக்கும் ஆதிச்சநல்லூருக்கும் ஒரு சிறு தொடர்பும் உண்டு. எகிப்து அரசர்களின் பதப்படுத்திய உடல்களைப் பரிசோதித்துப் புகழ் பெற்றவர் எலியட் ஸ்மித் என்ற மருத்துவப் பேராசிரியர். ஆதிச்சநல்லூர் மண்டை ஓடுகளைப் பற்றி 1930-ல் சென்னை அருங்காட்சியகம் ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டது. சுக்கர்மன் என்பவர் எழுதிய அந்த நூலுக்குக் குறிப்பு எழுதித் தந்தவர் அதே எலியட் ஸ்மித்.

அவர்கள் ஆள் அனுப்பினார்கள். இவர்கள் கருவி அனுப்பினார்கள்

இரண்டு நாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

எகிப்துச் செல்வர் மறு உலகத்துக்கு வேலைக்காரனை அனுப்பினார். அவன் கையில் மண்வெட்டி. தாமிரபரணிக் கரை மனிதருக்கு அவருடைய உறவினர் மண்வெட்டியையே வைத்தார்கள். வாளையும் வைத்தார்கள், சோற்றையும் வைத்தார்கள். வேலைக்கார பொம்மைகளின் படை எதுவும் தாழியில் இல்லை. மூடியின் மேல் எருமையும் சேவலும் இருந்தன. வீட்டையும் தொழுவத்தையும் சுற்றி வரும் உயிர்கள் கூடவே போயின.

இங்கே வாழ்ந்தவர்களின் நம்பிக்கை என்ன என்று எழுதி வைத்த ஏடு அந்தத் தாழிகளில் இல்லை. பொருள்தான் பேசுகிறது. போகிற இடத்திலும் பசிக்கும், உழைக்க வேண்டும், பகையை எதிர்க்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள் போலும். அல்லது, இது அவர் தொட்டுப் புழங்கிய பொருள், அவரோடே போகட்டும் என்று கண்ணீரோடு வைத்தார்களோ! இறந்தவர் பீடியையும் வெற்றிலைப் பெட்டியையும் அவரோடு வைத்து அனுப்பிய வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த மனத்தை நம்மால் புரிந்துகொள்ள முடியும்.

தாழி பற்றிய நினைவு சங்கப் புலவர்களுக்கும் இருந்தது. கணவனை இழந்த ஒரு பெண், தானும் அதே தாழிக்குள் இருக்கும்படி அதை அகலமாகச் செய்யச் சொல்லிக் குயவரை வேண்டுவதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. இறந்தவரை அடக்கம் செய்யும் பல வகைகளில் தாழியால் கவிப்பதையும் மணிமேகலை சொல்கிறது. காவியத்தில் படித்ததை ரீயின் அகழ்வு கண்ணால் காண வைத்தது.

கிழவர் கதையும் எங்கே பிறந்தது என்று இப்போது விளங்குகிறது. பானையோ சிறியது, உள்ளே பெரிய மனிதனின் எலும்பு. பக்கத்தில் சோற்றுக் கலயம். செத்தவனுக்கு எதற்குச் சோறு? எனவே, உள்ளே போனவர் சுருங்கிய கிழவர், உயிரோடு இருந்தவர் என்று பின்னால் வந்தவர்கள் கதை கட்டினார்கள். யாரையும் யாரும் உயிரோடு புதைக்கவில்லை. அன்போடு அனுப்பினார்கள். நம் முன்னோர் மேல் இருந்த அந்தப் பழியைத் துடைத்தது, தாழிக்குள் கிடந்த எலும்புகளைப் பற்றிய ஆராய்ச்சிதான்.

கடைசிப் புத்தகம்

ரீ தென் வட்டத் தொல்பொருள் இலாகாவின் தலைமை அதிகாரியாக உயர்ந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் லாங்ஹர்ஸ்ட் என்பவர் அந்தப் பதவிக்கு வந்தார்.

வேலை போனாலும் கணக்கு மிச்சம் இருந்தது. ஆதிச்சநல்லூரிலும், செங்கற்பட்டு ஜில்லாவின் பெரும்பேரிலும் கிடைத்த பொருள்களுக்கு ரீ ஒரு பட்டியல் தயார் செய்தார். 1915-ல் சென்னை சர்க்கார் அச்சகம் அதை வெளியிட்டது. கதை போலப் படிக்கும் புத்தகம் அல்ல அது. வாள் இத்தனை அங்குலம், கிண்ணம் இத்தனை அங்குலம் என்று பக்கம் பக்கமாகப் போகும். ஆனால் ஆதிச்சநல்லூரைப் பற்றி அதன் பிறகு எழுதியவர்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. ரீ 1924-ல் காலமானார்.

அவர் செய்ய முடியாமல் போன காரியமும் உண்டு. தாழிகளின் வயது என்ன என்று உறுதியாகச் சொல்ல அந்தக் காலத்தில் கருவி இல்லை. கரியைச் சோதித்து வயது காணும் முறை 1949-ல்தான் உலகத்துக்குக் கிடைத்தது. ரீ இறந்து 25 வருஷம் ஆன பிறகு!

மறுபடியும் திறந்த மண்

ஆதிச்சநல்லூர் நெடுங்காலம் உறங்கியது. 2004-ல் மத்திய தொல்லியல் துறை மறுபடியும் அங்கே தோண்டியது. சத்தியமூர்த்தி என்ற அதிகாரி தலைமையில் 160-க்கு மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. 2021-ல் மீண்டும் வேலை தொடங்கி, 2022-ல் ரீ கண்டது போன்ற தங்கப் பட்டம் ஒன்று கிடைத்தது. தோண்டிய குழியிலேயே தாழிகளை வைத்து, மேலே கண்ணாடி போட்டு, ஜனங்கள் பார்ப்பதற்கு 2023-ல் ஏற்பாடு ஆயிற்று.

பக்கத்தில் உள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லைச் சோதித்தார்கள். கி.மு. 1155 என்று வயது தெரிந்தது. எகிப்தில் மன்னர்கள் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ரீ உமியைக் கண்டார். நெல்லின் வயதை 2021-ல் நாடு அறிந்தது.

மதுரைக்கும் பங்கு குறையவில்லை. நகரத்துக்குத் தென்கிழக்கே கீழடியில் பழைய ஊரின் செங்கல் கட்டடங்கள் வெளிவந்ததை அறியாதவர் இல்லை. அந்த ஊர்க்காரர்களை அடக்கம் செய்த இடம் பக்கத்துக் கொந்தகை. 2020 முதல் அங்கே தமிழக அரசு அகழ்ந்து தாழிகளை எடுத்தது. 2022-ல் ஒரு தாழிக்குள் 74 சிவப்பு மணிகள் இருந்தன. யாருடைய கழுத்துமாலையோ!

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எலும்புகளை ஆராய்கிறார்கள். கொந்தகை மண்டை ஓடுகள் இரண்டைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று முகங்களை உருவாக்கியது. 2025-ல் அந்தப் படங்கள் வெளிவந்தன. தாழிக்குள் போன மனிதர் மறுபடியும் நம்மைப் பார்க்கிறார்.

நம் கையில் இருப்பது

ரீ அந்நிய ஆட்சியின் ஊழியர். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். தோண்டியவற்றை வரிசைப்படி அவர் எழுதி வைத்தார். மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் நம் ஊர் உழைப்பாளிகள். அவர்கள் கையும் ரீயின் பேனாவும் சேர்ந்துதான் அந்தத் தாழிகளைக் காப்பாற்றின.

மதுரையைச் சுற்றி வீடுகள் பெருகுகின்றன. சாலைகள் அகலமாகின்றன. ரீ பார்த்த அனுப்பானடி மேடு ஊருக்குள் மறைந்து விட்டது. இன்னும் எத்தனையோ மேடுகளில் தாழிகள் இருக்கலாம். மண்வெட்டிக்குப் பதில் இயந்திரம் வந்திருக்கிறது. ஒரு தாழியை நொறுக்க அதற்கு ஒரு நிமிஷம் போதும்.

நம் நிலத்தில் தாழி தென்பட்டால் என்ன செய்ய வேண்டும்? தோண்டுவதை நிறுத்த வேண்டும். உள்ளே கை விடக் கூடாது. எதையும் வெளியே எடுக்கக் கூடாது. கிராம நிர்வாக அதிகாரியிடமோ தாசில்தாரிடமோ தகவல் சொல்ல வேண்டும். மண்ணில் கிடைக்கும் பழம்பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டமே சொல்கிறது.

தாழிக்குள் பொன் இருக்கிறதோ இல்லையோ, யாரோ ஒரு தாய்க்கு மகன் வைத்த கடைசிச் சோறு இருக்கும். சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போய், அந்த வெண்கல எருமையையும் சேவலையும் காட்டலாம்.